முந்நூறு பெட்டி கேமரா

அத்தியாயம் 14

ஜியென் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பாட்டு மேசையில் வியாபாரம் பேசக் கூடாது. சட்டம் போட்டது அப்பா இல்லை, அம்மாவும் இல்லை, மகள் வான்ரூ. எட்டு வருஷத்துக்கு முன்னால், கணினிச் சந்தையின் போக்கைக் கணித்துச் சொல்லும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்த அன்றே போட்டாள். அவள் கையெழுத்திடும் அறிக்கையைப் பார்த்து தைப்பே நகரத்து வியாபாரிகள் சரக்கு வாங்குவார்கள், விற்பார்கள். அப்பா ஜின்ஃபா, குவாங்ஹுவா கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கீபோர்டும் மவுஸும் கேமராவும் விற்கிறவர். இரண்டும் ஒரே மேசையில் கலந்தால் வம்பு என்று நினைத்தாள். நியாயம்தான். நியாயமானவர்கள் செய்கிற தப்பு எப்போதும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

இதுவரை நடந்ததைச் சுருக்கினால் இவ்வளவு. ஆறு மாதமாக வெப் கேமராவுக்குத் தட்டுப்பாடு. உள்ளே வைக்கிற சிப் வரவில்லை என்றார்கள். வான்ரூ பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பன்னிரண்டு மொத்த விற்பனை ஏஜென்சிகளுக்குப் போன் போட்டு, சரக்கு கொடுக்க முடியாமல் எத்தனை ஆர்டர் நிலுவையில் நிற்கிறது என்று கேட்பாள். யாருடைய ஆர்டர் என்று கேட்க மாட்டாள். கேட்டாலும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். எண்களைக் கூட்டிப் பார்த்து, தேவை கூடுகிறது, விலையும் ஏறும் என்று எழுதுவாள். எழுதியபடியே ஏறியது. தொள்ளாயிரம் யுவானுக்குப் போன கேமரா ஆயிரத்து அறுநூறைத் தொட்டது. பத்திரிகைகளில் அவள் பெயர் வந்தது. இயக்குநர் ஷென் அவளுக்குப் பதவி உயர்வு தருவதாகச் சொல்லியிருந்தார்.

இன்று இருபத்தைந்தாம் தேதி. மாலை ஐந்து மணிக்குள் அடுத்த அறிக்கை போக வேண்டும். திங்கட்கிழமை விசாரித்ததில் நிலுவை இருபத்துநாலாயிரம் கேமரா என்று வந்திருந்தது. இதுவரை இவ்வளவு வந்ததே இல்லை.

பதினொன்றரை மணிக்கு அம்மா சியூயுன் போன் செய்தாள். வேலை நேரத்தில் அம்மா கூப்பிடுகிற வழக்கமே கிடையாது.

"கொஞ்சம் கடைக்கு வந்துட்டுப் போறியா? காலையிலேருந்து நாலு லாரி வந்துடுச்சு. உங்கப்பா சிரிச்சுக்கிட்டே இருக்காரு. எனக்குத்தான் என்னமோ சரியாப் படலை."

வான்ரூ மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் அட்டைப் பெட்டிகளின் சுவர்தான் முதலில் தெரிந்தது. அப்பாவின் கடையே எட்டடிக்குப் பத்தடி. அதை நிரப்பி, நடைபாதையை நிரப்பி, தீயணைப்புக் கருவியை மறைத்து, கழிப்பறைக்குப் போகும் வழிவரை பெட்டிகள் நின்றன. காவலாளி இரண்டு தடவை வந்து திட்டிவிட்டுப் போயிருந்தார். மேல் பெட்டி ஒன்றின்மீது அப்பா ஒரு பச்சை நிற குவாய்குவாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டை வைத்திருந்தார், பெயருக்கே சமர்த்து என்றுதான் அர்த்தம், சரக்கு சொன்னபடி கேட்கட்டும் என்று. அது மெஷினுக்கு வைக்கிறது, மூட்டை முடிச்சுக்கு இல்லை என்று அம்மா சொல்லிப் பார்த்தாளாம். அவர் கேட்கவில்லை.

ஜின்ஃபா ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து விலா எலும்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சாப்பாடு கையில் இருக்கும்போதே, எட்டு வருஷத்துச் சட்டத்தை அன்றைக்கு முதன்முதலாக மீறினார்.

"வாம்மா. எல்லாம் உன்னை நம்பி வாங்கினதுதான். முந்நூறு பெட்டி. பன்னிரண்டாயிரம் கேமரா."

வான்ரூவுக்கு முதலில் எண்தான் காதில் விழுந்தது. எந்த ஏஜென்சி என்று கேட்டாள். அவர் நான்கு பெயர் சொன்னார். ஒவ்வொருவரிடமும் எத்தனை என்றாள். மூவாயிரம், மூவாயிரம், மூவாயிரம், மூவாயிரம். அவளுடைய நோட்டில் திங்கட்கிழமை எழுதிய பட்டியலில் அந்த நான்கு பேரும் இருந்தார்கள். நான்கு பேர் சொன்ன நிலுவையிலும் அந்த மூவாயிரம் இருந்தது.

உங்களுக்கு எவ்வளவுதான் தேவைப்பட்டது என்று கேட்டாள். அப்பா அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"மூவாயிரம் போதும். ஆனா தட்டுப்பாட்டு நேரத்துல ஒருத்தன்கிட்ட மூவாயிரம் கேட்டா முந்நூறு குடுப்பான். நாலு பேர்கிட்ட கேட்டு வச்சாத்தான் மூவாயிரமாவது தேறும். இந்தக் கட்டடத்துல எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க. உங்க ஆபீஸ்ல இதெல்லாம் தெரியாதா?"

தெரியும். அதற்காகக் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பது அலுவலக வழக்கம். ஐந்தில் ஒன்று போதும் என்று எப்போதோ யாரோ முடிவு செய்தது. அதற்கப்புறம் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. சிப் தட்டுப்பாடு தீர்ந்தால் நான்கு ஆர்டரும் ஒரே நாளில் வந்து இறங்கும் என்பதை அலுவலகமும் யோசிக்கவில்லை, அப்பாவும் யோசிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் விற்பனை காட்ட வேண்டும் என்று நான்கு ஏஜென்சிகளும் இன்று லாரியை அனுப்பிவிட்டன.

வேண்டாம் என்று திருப்பியிருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, நாமே கேட்டு வாங்கிய சரக்கைத் திருப்பினால் அப்புறம் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். அடுத்த தட்டுப்பாட்டில் ஜியென் கடையின் பெயர் வரிசையில் கடைசிக்குப் போய்விடுமாம். அதோடு, திருப்புவானேன்? விலைதான் ஏறப் போகிறதே. சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டுகளை எடுத்துக் காட்டினார். எல்லாம் மகளின் அறிக்கை பற்றிய செய்திகள். மே மாதம் முதல் துண்டைப் படித்துவிட்டு நான்கு பேரிடமும் ஐந்நூறு ஐந்நூறாகக் கேட்டிருக்கிறார். நிலுவை கூடிவிட்டது என்று அவள் அடுத்த அறிக்கையில் எழுதினாள். அதைப் படித்து ஆயிரத்து ஐந்நூறாக்கினார். மறுபடி கூடியது என்று எழுதினாள். மூவாயிரமாக்கினார்.

அப்பா வாங்கியதை மகள் எழுதியிருக்கிறாள். மகள் எழுதியதை அப்பா வாங்கியிருக்கிறார். ஒரே வீட்டில் ஒரே மேசையில் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து, முள்ளங்கி சூப் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வான்ரூ அதை அப்பாவுக்கு மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். பாதியிலேயே அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். முட்டாள் இல்லை அவர். முப்பத்தோரு வருஷம் சந்தையில் இருந்தவர். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் நிஜமாக வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

அவளுக்குத் தெரியவில்லை. பதில் சொன்னது அம்மா. கல்லாவில் உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளருக்கு மவுஸ் கட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"செப்டம்பர்ல பள்ளிக்கூடம் திறந்துச்சு. அதுலேருந்து கேமரா வேணும்னு இந்தக் கடைக்கு வந்தது மொத்தம் ஒன்பது பேரு. நீ ஊரெல்லாம் போன் போட்டுக் கேட்கறே. என்கிட்ட ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே, வான்ரூ."

வான்ரூ பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழவும் இல்லை. ஆனால் அவமானமாக இருந்தது. பதவி உயர்வும் பத்திரிகைப் பெயரும் அம்மா கட்டிக் கொடுத்த அந்த மவுஸ் அளவுக்குக்கூடப் பெறாது என்று தோன்றியது.

இப்போது என்ன ஆகும் என்பது மூவருக்குமே தெரியும். நான்கு ஏஜென்சிகளுக்கும் தொண்ணூறு நாள் தள்ளித் தேதியிட்ட செக் போயிருக்கிறது. சரக்கு விற்காவிட்டால் செக் திரும்பும். திரும்பினால் இந்தக் கடை போகும், சரக்குக்கு ஈடாகக் காட்டிய வீடும் போகும். மகள் ஐந்து மணிக்கு உண்மையை எழுதினால் ஆறு மணிக்கு இந்தக் கேமராவைச் சும்மா கொடுத்தாலும் யோசிப்பார்கள்.

ஜின்ஃபா எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். மகள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். தைச்சுங் நகரத்துக் கடைக்காரர் பெங் மூன்று மணிக்கு வருகிறார். அவரும் அப்பாவும் பட்டாளத்தில் ஒரே அடுக்குக் கட்டிலின் மேலும் கீழும் படுத்தவர்கள். சரக்கு விஷயமாகத்தான் வருகிறேன் என்று நேற்றே சொல்லியிருக்கிறார். பாதியையாவது அவர் எடுத்துக்கொண்டால் மூச்சு விடலாம்.

"நீ பொய் எழுத வேண்டாம்மா. அஞ்சு மணிக்கு என்ன எழுதணுமோ எழுது. அவன் வந்துட்டுப் போற வரைக்கும் பேசாம இரு. அதுதான் உங்க ஆபீஸ் சட்டமும், இல்லையா? வெளியிடறதுக்கு முந்தி யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

சட்டம் அதுதான். அந்தச் சட்டத்தை இப்படியும் உபயோகிக்கலாம் என்று அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். பெங் பெரியப்பா அவள் கல்யாணத்துக்கு வேண்டும் என்று இப்போதே மொய்ப் பணத்துக்கான சிவப்பு உறை எடுத்து வைத்திருப்பதாகக் கேலி செய்கிறவர். அவர் தலையில் ஆறாயிரம் கேமராவைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அம்மா அறுபது வயதில் வாடகை வீடு தேட வேண்டும்.

வான்ரூ சரி என்று தலையாட்டினாள். அம்மா கடையின் ரேடியோவை நிறுத்தினாள்.

பெங் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்தார். கையில் தைச்சுங் சூரியக் கேக் பெட்டி. பெட்டிகளுக்கு நடுவே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்து, இது கடையா துறைமுகமா என்று கேட்டார். அப்பா சிரித்தார். அம்மா ஊலாங் டீ ஊற்றினாள். முழங்கால் வலி, பேரன், மழை இல்லாமல் தைச்சுங்கில் தண்ணீர்ப் பிரச்சினை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் கேமரா என்ற வார்த்தையை எடுக்கவில்லை. முதலில் எடுப்பவனுக்குத்தான் அவசரம் என்று இருவருக்கும் தெரியும்.

மூன்றே முக்காலுக்கு அப்பாவால் தாங்க முடியவில்லை. சரக்கு விஷயம் என்றாயே என்று ஆரம்பித்தார். பெங் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஜின்ஃபா, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. வடக்கே கேமராவுக்கு அடிச்சுக்கறாங்கன்னு உன் பொண்ணு எழுதியிருந்தா. அதை நம்பி நாலு ஏஜென்சியில ரெண்டாயிரம் ரெண்டாயிரமா கேட்டு வச்சேன். முந்தாநாள் எல்லாம் ஒண்ணா வந்து இறங்கிடுச்சு. எட்டாயிரம். நீ ஒரு பாதியை எடுத்துக்கடா. வாங்கின விலைக்கே தரேன்."

பக்கத்துக் கடையில் யாரோ கீபோர்டை வாங்கும் முன் தட்டிப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் பெங்குக்குக் கோபம் வந்தது. அப்பா எழுந்து ஒரு பெட்டியின் நாடாவைக் கிழித்துத் திறந்து காட்டினார். அப்புறம் அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அதே கேமரா. பெங் நடைபாதையைப் பார்த்தார், லிஃப்ட் வரை பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் சிரிப்பு எங்கேயோ நின்று இருமலாக மாறியது. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வான்ரூ கூட்டிப் பார்த்தாள். கூட்ட வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் கூட்டினாள். அப்பா பன்னிரண்டாயிரம், பெரியப்பா எட்டாயிரம். இருபதாயிரம். நாடு முழுவதும் கேமராவுக்குத் தவம் கிடக்கிறது என்று அவள் நம்பிய இருபத்துநாலாயிரத்தில் இருபதாயிரம், ஒரே கட்டிலில் மேலும் கீழும் படுத்திருந்த இரண்டு கிழவர்கள். இந்தப் பெரியப்பாவைத்தான் ஏமாற்றச் சம்மதித்தோம் என்ற நினைப்பு வந்தபோது, அந்தக் கேக் பெட்டியைப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

நாலேகால் மணிக்கு பெங் மெல்லக் கேட்டார்.

"கண்ணு, இன்னும் ஒரே ஒரு தடவை ஏறும்னு எழுதக் கூடாதா? பதினஞ்சே நாள். நாங்க ரெண்டு பேரும் எப்படியாவது தள்ளி விட்டுடறோம்."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

"யார்கிட்ட தள்ளுவீங்க?" என்று கேட்டது அம்மா. "பேப்பர்ல படிச்சுட்டு நம்மளை மாதிரியே ஒருத்தன் வருவான். கடையும் வீடும் வச்சிருக்கறவன். அவன் பொண்டாட்டி டீ ஊத்துவா."

வான்ரூ மடிக்கணினியை ஒரு பெட்டியின்மேல் வைத்துத் திறந்தாள். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் அழித்தாள். வெப் கேமராவின் தேவை பற்றி இதுவரை சொன்னது தவறு, ஒரே வியாபாரி பல இடத்தில் கொடுத்த ஆர்டர்கள் தனித்தனி தேவையாக எண்ணப்பட்டுவிட்டன, சந்தையில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, விலை சரியும் என்று எழுதினாள். ஆறு மாதமாகத் தன் பெயரில் வெளியான எண்களை நம்பி யாரும் வாங்க வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். அப்பாவைப் பார்த்தால் கை நின்றுவிடும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாற்பதுக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வரிசையில் ஒவ்வொரு கடையாகப் போன்கள் சிணுங்கின. விலைச் செய்தி தெரிவிக்கும் அதே சத்தம், கடை கடையாக.

எதிர்க்கடை அஹுய் போனைக் கையில் பிடித்தபடி வந்தாள். கணவனை இழந்தவள், தனியாகக் கடை நடத்துகிறவள். காலை பத்தரைக்கு, சரக்கு வந்த சந்தோஷத்தில், அப்பா அவளுக்கு ஐந்து பெட்டி கொடுத்திருந்தார். பழகியவள் என்று சந்தை விலையிலிருந்து ஐம்பது யுவான் குறைத்துத்தான் கொடுத்திருந்தார். அவள் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருந்தாள். வான்ரூவுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

"அண்ணே, எனக்குக் குடுத்தப்ப இது உங்களுக்குத் தெரியுமா?"

குரலை உயர்த்தவில்லை அவள். வரிசை முழுவதும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. தெரியாது என்று சொன்னால் அது உண்மை. சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பணம் ஒன்றுதான் அன்றைக்கு அவர் கைக்கு வந்த பணம்.

ஜின்ஃபா கல்லாவைத் திறந்தார்.

"குடுத்தப்ப தெரியாது, அஹுய். ஒரு மணிக்குத் தெரியும். உன்கிட்ட வந்து சொல்லலை."

கல்லாவிலிருந்து பணக் கட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் எண்ணாமல் வாங்கிக்கொண்டாள். அவர் நடைபாதையைக் கடந்து போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வைக்க இடம் இல்லாமல் கல்லா மேசையில் வைத்தார். மறுபடி போனார். பெங் எழுந்து உதவப் போனபோது வேண்டாம் என்று கையால் விலக்கினார். அறுபத்து மூன்று வயதில், விற்ற சரக்கை ஒவ்வொரு பெட்டியாக அவரே சுமந்துகொண்டு வந்தார்.

மூன்றாவது பெட்டி வரும்போது வான்ரூவின் போன் அடித்தது. இயக்குநர் ஷென். குரல் அமைதியாகத்தான் இருந்தது. அவர் கோபமாக இருக்கும்போது அப்படித்தான் பேசுவார். அறிக்கை வியாபாரிகளுக்குப் போய்விட்டது, பத்திரிகைகளுக்குப் போகாமல் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். ஏஜென்சிக்காரர்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக் கத்துகிறார்கள். ஒரே வியாபாரி என்று எழுதியிருக்கிறாயே, யார் அவர், ஆதாரம் என்ன? பெயர் இருந்தால் அறிக்கை நிற்கும். இல்லாவிட்டால் இரவுக்குள் அதை எடுத்துவிட்டு, பழைய கணிப்பே தொடரும் என்று போடுவேன்.

பெயரைச் சொன்னால் இனி எந்த ஏஜென்சியும் அப்பாவுக்கு ஒரு மவுஸ்கூடக் கொடுக்காது. நாலு இடத்தில் ஆர்டர் வைப்பதை எல்லோரும் செய்வார்கள், பெயரோடு மாட்டிக்கொண்டவனை மட்டும் ஒதுக்குவார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

ஸ்பீக்கர் போடவில்லை என்றாலும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நான்காவது பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவர், மூச்சு வாங்க மூன்றே வார்த்தை சொன்னார்.

"சொல்லிடும்மா. கடை நம்பரோட."

வான்ரூ சொன்னாள். ஜியென் ஜின்ஃபா, மூன்றாம் மாடி, நாற்பத்தேழாம் நம்பர் கடை, மூவாயிரம் வீதம் நான்கு இடம். பிறகு இயக்குநர், ஜியென் என்பது உன் குடும்பப் பெயரும்தானே என்று கேட்டார்.

"எங்க அப்பா" என்றாள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். மேசைச் சாவியையும் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.